லெகசி சர்வே ஸ்கை வியூவர் – ரெண்டு மாசம் நோண்டிப் பாத்துட்டு எழுதறேன்

ரெண்டு மாசமா ராத்திரியானா இதுலதான் கெடக்கேன், சரி எழுதிடலாம்னு தோணுச்சு. பிரவுசர்ல தொறந்தா போதும், காசு இல்ல, லாகின் இல்ல, மேப் மாதிரி இழுத்து இழுத்து ஜூம் பண்ணா வானம் வந்துட்டே இருக்கும். நெறைய பேர் அழகான ஸ்பைரல் கேலக்ஸியா தேடி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத்தான் வராங்க, தப்பில்ல, நானும் முதல் வாரம் அதத்தான் பண்ணேன். ஆனா இந்தப் படங்கள எடுத்ததே வேற வேலைக்கு. அரிசோனால கிட் பீக் மலைல 4 மீட்டர் மேயால் டெலஸ்கோப்ல டெசின்னு ஒரு கருவி 2021ல இருந்து சர்வே ஓட்டுது, 5000 குட்டி ரோபோ, ஒவ்வொண்ணும் ஒரு ஃபைபரப் பிடிச்சு ஒரு கேலக்ஸி மேல கரெக்டா வைக்கும், அது வழியா வர வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிச்சு (ஸ்பெக்ட்ரம்) தூரத்தக் கண்டுபிடிப்பாங்க. எது மேல வைக்கணும்னு முன்னாடியே லிஸ்ட் வேணும்ல, அதுக்குத்தான் சிலில பிளாங்கோ, கிட் பீக்ல போக், அப்புறம் இதே மேயால்னு மூணு டெலஸ்கோப்ப வச்சு ஜி (பச்சை), ஆர் (சிவப்பு), இசட் (அதுக்கும் தாண்டி அகச்சிவப்பு ஓரம்) ஃபில்டர்ல வானத்த சுட்டுத் தள்ளினாங்க.

இப்படித் தெரிஞ்சுட்டு பாத்தா வியூவரே வேற மாதிரி தெரியுது. டெசி டார்கெட் லேயர ஆன் பண்ணுங்க, வட்டம் வட்டமா வரும். கை விரிச்ச பெரிய ஸ்பைரல் ஒண்ணு இருக்கும், அதுக்கும் எடம் உண்டு, ஆனா அது ஆர் பேண்ட்ல 19.5 மேக்னிட்யூட விட பளிச்னு (மேக்னிட்யூட் நம்பர் கொறஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி) இருக்கறவங்க கோஷ்டி, நிலா வெளிச்சத்துல வேற எதுவும் சரியா பாக்க முடியாத ராத்திரிகளுக்கு வச்சிருக்காங்க. இருட்டு ராத்திரிக்கு வட்டம் போட்டிருக்கறது எதுக்குன்னு ஜூம் பண்ணிப் பாத்தேன், நாலஞ்சு பிக்சல்ல ஒரு மங்கலான நீலப் பொட்டு, அவ்ளோதான்! இதுக்கா இவ்ளோ அலப்பறைன்னு தோணுச்சு. விஷயம் என்னன்னா அந்த நீலம்னா புதுசா நட்சத்திரம் பொறந்துட்டு இருக்கு, அப்ப ஸ்பெக்ட்ரத்துல ஆக்சிஜனோட ஜோடி கோடு 3727 ஆங்ஸ்ட்ரோம் அலைநீளம் பக்கத்துல பலமா வரும், கேலக்ஸி தூரமா இருந்தா அந்தக் கோடு சிவப்புப் பக்கமா நகர்ந்து தெரியும் (ரெட்ஷிஃப்ட்), அது எவ்ளோன்னு கெடைச்சா தூரம் கெடைச்ச மாதிரி. டெசியோட கண்ணு சுமார் 9800 வரைக்கும்தான், 9800 ஐ 3727 ஆல வகுத்தா 2.63, அதுல ஒண்ணக் கழிச்சா 1.63, அதனாலதான் இந்த வகைக்கு ரெட்ஷிஃப்ட் 1.6 தாண்ட மாட்டேங்குது. எவ்ளோ அழகா இருக்குன்னு யாரும் பாக்கல, ஒரு கால் மணி நேரத்துல தூரத்தச் சொல்லுமா, அத மட்டும்தான் பாக்கறாங்க.

சிவப்பு கேலக்ஸிக்கு வேற தலைவலி, நம்ம பால்வெளில இருக்கற குட்டி நட்சத்திரமும் சிவப்புதான். வைஸ்ங்கற விண்வெளி டெலஸ்கோப்போட இன்ஃப்ராரெட் லேயருக்கு மாத்திப் பாருங்க, கேலக்ஸி பளிச்னு எரியும், நட்சத்திரம் டல்லடிக்கும். டார்கெட் செலக்‌ஷன்ல போட்டிருக்கற கலர் கட்டும் (எந்தக் கலர் வரைக்கும் எடுத்துக்கலாம்ங்கற எல்லை) இதேதான், கண்ணாலயே பாத்துக்கலாம்.

என் கூத்து ஒண்ணு சொல்றேன். கேலக்ஸிப் பட்டியல (கேட்டலாக்) இறக்கி நானே கட் போட்டுப் பாத்தேன், ஒரு பக்கம் நீல கேலக்ஸி சட்டுனு கொறஞ்சு கெடக்கு. வானத்துல ஓட்டை கண்டுபிடிச்சுட்டேன்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. அப்புறம் வியூவர்ல தூசி மேப் லேயர் இருக்கறது கண்ல பட்டுச்சு, ஆன் பண்ணா என்னோட ஓட்டையும் தூசியும் அச்சு அசலா ஒரே ஷேப்! ஃப்ளக்ஸ, அதாவது வெளிச்ச அளவ, பட்டியல்ல இருக்கற பால்வெளி டிரான்ஸ்மிஷன் (தூசியத் தாண்டி எவ்ளோ வெளிச்சம் வருதுங்கற பங்கு) பத்தியால வகுக்கணும், நான் வகுக்கல. தூசி வெளிச்சத்தக் கொறைக்கறதோட நிக்காது, கலரையும் சிவப்பாக்கிடும், நீலமா இருக்கறது கட்டுக்கு வெளிய போயிடும். வகுத்ததும் ஓட்டை கிட்டத்தட்ட போயே போச்சு.

புதுசா வரவங்களுக்குக் குழப்பம் உண்டு. லேயர் லிஸ்ட்ல டிஆர்9, டிஆர்10னு (ஒன்பதாவது, பத்தாவது டேட்டா ரிலீஸ்) வரிசையா இருக்கும், டார்கெட் லிஸ்ட் போட்டது டிஆர்9 வச்சு, அதனால அதையே பாருங்க. அப்புறம் பெரிய கேலக்ஸிய சாஃப்ட்வேர் சில எடத்துல துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனி கேலக்ஸின்னு எண்ணிடும், ரெசிட்யுவல் லேயர்ல (படத்துல இருந்து சாஃப்ட்வேர் போட்ட மாடலக் கழிச்சா மிஞ்சறது) பாத்தா அந்தத் தையல் எல்லாம் தெரிஞ்சுடும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அந்த லேயர்தான், எங்க சரியா வரலன்னு மறைக்காம காட்டுது. மொபைல்ல வேணாம், பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க.

5க்கு 4.5 குடுப்பேன். இப்ப ஸ்பெக்ட்ரா லேயர்ல மாட்டிட்டு இருக்கேன், 2025 மார்ச்ல முதல் டேட்டா ரிலீஸ் வந்ததுல இருந்து நெசமாவே எந்த வட்டத்துக்கு ஃபைபர் கெடைச்சதுன்னும் பாக்கலாம். குவேசாருக்கு (ரொம்ப தூரத்துல பளிச்னு எரியற கேலக்ஸி மையம்) முதல் மரியாதை, அப்புறம் சிவப்பு, நீலப் பொட்டு கடைசி வரிசை. ரோபோ ஒவ்வொண்ணுக்கும் கை எட்டற தூரமும் கொஞ்சம்தான். நேத்து ஒட்டி ஒட்டி மூணு நீலப் பொட்டு பாத்தேன், மூணும் லிஸ்ட்ல இருக்கு, ஸ்பெக்ட்ரம் நடுவுல இருக்கறதுக்கு மட்டும்தான்.