ரைபிளுக்கு கிளீனிங் ராடு வாங்கப் போகிறீர்களா? என் பேரலுக்கு நடந்ததைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நான் கோவையில் 50 மீட்டர் புரோன், அதாவது படுத்துக்கொண்டு சுடும் போட்டி, சுடுபவன். என் ரைபிள் .22 அன்ஷூட்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியுடையது, செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் அதை வாங்க நான் பணம் சேர்த்த வருடங்கள் எனக்குத் தெரியும். அந்த ரைபிளின் பேரலை, அதாவது குண்டு போகும் குழலை, அதைத் துடைக்க வாங்கிய 4,800 ரூபாய் ராடு ஒன்று பாழாக்கியது. அதை விற்றவர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். "ஒரே பீஸுங்க அண்ணா, கோட்டிங் போட்ட ஸ்டீல், கைப்பிடியில பேரிங் இருக்கு. போர் கைடு உங்க ரைபிளுக்குன்னே வர்றதுங்க" என்றார். போர் கைடு என்பது ராடை பேரலுக்குள் நேராகச் செலுத்தும் குழாய். அந்தக் கடைசி வரியை நம்பித்தான் பணம் அனுப்பினேன். எந்த மாடல் என்று அவர் கேட்கவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

வந்த ராடு பார்க்க நன்றாகவே இருந்தது. கருப்பாக, வழவழப்பாக. நான்கு மாதம் அதைத்தான் பயன்படுத்தினேன். அப்புறம் குரூப், அதாவது டார்கெட்டில் குண்டுகள் விழும் கூட்டம், விரிய ஆரம்பித்தது. 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், அங்கே சின்னத் தடுமாற்றமும் உடனே தெரியும். முதலில் என் மூச்சு சரியில்லை என்று நினைத்தேன், பிறகு ரைபிளைக் கையோடு பிடித்துக்கொள்ளும் ஸ்லிங் வார், பிறகு தோட்டா லாட் (ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாக்கள்). தோட்டாவை மட்டும் மூன்று முறை மாற்றினேன். கடைசியில் எங்கள் கோச், "சார், முதல்ல ராடை எடுத்துட்டு வாங்க" என்றார்.

ராடை மேசையில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்டைத் திருகினார். சுற்றவில்லை. பேரிங் என்று எதுவும் உள்ளே இல்லை. இது ஏன் முக்கியம் என்றால், .22 பேரலின் உள்ளே குண்டைச் சுழற்றுவதற்காகத் திருகு மாதிரி வெட்டிய பள்ளங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுபவை. என் பேரல் 26 அங்குலம், அதாவது ராடு உள்ளே போகும்போது ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். கைப்பிடி தனியாகச் சுழன்றால்தான் பேட்ச் (ராடின் முனையில் வைக்கும் துடைப்புத் துணி) பள்ளத்தோடு போகும். சுழலாவிட்டால் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளின் மேல் குறுக்கே இழுபட்டுப் போகும், பள்ளத்தின் அழுக்கு அங்கேயே தங்கிவிடும். பிரஷ் போட்டால் அதன் திருகே கழன்றுவிடும். இரண்டும் எனக்கு நடந்தன. நான் என் கையில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டிங் என்றது வெறும் பெயின்ட். நகத்தால் கீறினால் உரிந்தது. உரிந்த இடத்தில் மண்ணும் கரியும் ஒட்டிக்கொண்டு, ராடே அரம் மாதிரி ஆகியிருந்தது.

போர் கைடுதான் இன்னும் மோசம். அது போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகத்தை, கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைக்கும் குழாய். ராடை நேராகப் பிடித்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை, அதற்கு முன்முனை சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) சரியாக உட்கார வேண்டும். எனக்கு வந்தது எல்லா ரைபிளுக்கும் பொதுவாகச் செய்த ஏதோ ஒன்று. குழாயின் துளை அகலம், ராடு உள்ளே ஆடியது. முனையில் ரப்பர் வளையமும் இல்லை. அதனால் சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) பின்னால் வழிந்து டிரிக்கரில் இறங்கிப் பிசினாகியிருந்தது. டிரிக்கர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விழுந்ததற்கு அதுதான் காரணம்.

துப்பாக்கி மெக்கானிக் ஐயா லென்ஸ் வைத்துக் குழல் வாயைப் பார்த்தார். கிரவுன் என்கிற குழல் வாய் விளிம்பில் கீழ்ப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ஆடும் ராடை ஒவ்வொரு முறை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும்போதும் அது அந்த இடத்தில்தான் உரசியிருக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு வெளியேறும் நொடியில் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வரும், குண்டு லேசாகச் சாயும். ஈயக் குண்டு சுட்டுத் தேய்ந்த .22 பேரலைவிடத் தப்பாகத் துடைத்துத் தேய்ந்தவைதான் தன்னிடம் அதிகம் வருகின்றன என்றார். லேத்தில் வாயைக் கொஞ்சம் வெட்டிப் புதுக் கிரவுன் போட்டுக் கொடுத்தார். குரூப் பெரும்பாலும் திரும்பிவிட்டது. சேம்பரை அடுத்துப் பள்ளங்கள் தொடங்கும் இடத்தில் விழுந்த கீறல்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

விற்றவரிடம் கேட்டேன். "நீங்க துடைக்கிற முறை தப்புங்கண்ணா" என்றார். போட்டோ அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார்.

வாங்குவதற்கு முன் இதையெல்லாம் நேரில் செய்து பாருங்கள், வீடியோ காலிலாவது செய்யச் சொல்லுங்கள். ராடைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். முனையை இறுக்கிப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றினால் அது தங்குதடையில்லாமல் சுழல வேண்டும். கோட்டிங்கைக் கீறிப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் வாங்காதீர்கள். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடு, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், இணைப்பு ஒவ்வொன்றும் உள்ளே உரசும். போர் கைடு கேட்டால் ரைபிளின் மாடலையும் கேலிபரையும் அவர் உங்களிடம் கேட்க வேண்டும். கேட்காமல் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நேற்று கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, வாங்கலாமா என்று கேட்டான். அதே படம். விலை மட்டும் 5,200 ஆகியிருந்தது.