மண்டை நரம்புகளைக் கற்பிக்கும் மண்டை ஓட்டு மாதிரி: ஒரு மதிப்பீடு

செவிலிய மாணவர்களுக்காக நாங்கள் வாங்கிய இந்த மண்டை ஓட்டு மாதிரியில், மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை மண்டை நரம்புகளும் வெவ்வேறு வண்ண இழைகளாகப் பொருத்தப்பட்டுள்ளன. எலும்புத் துளைகளை வடித்திருக்கும் நேர்த்தியே இதன் தலையாய சிறப்பு. கண்குழியின் மேல் பிளவு வழியாகக் கண்ணசைவுக்குரிய 3, 4, 6ஆம் நரம்புகளும் முக உணர்வுக்குரிய 5ஆம் நரம்பான டிரைஜெமினல் நரம்பின் முதல் கிளையும் ஒன்றாக நுழைவதைக் கண்ணால் கண்ட மாணவர், அவ்விடத்தில் அழுத்தம் ஏற்பட்டால் கண்ணின் அசைவும் நெற்றியின் உணர்வும் ஒருசேரக் குன்றுவது ஏன் என்பதை மனப்பாடம் இல்லாமலேயே விளக்கிவிடுகிறார். முக நரம்பும் செவி நரம்பும் ஒரே எலும்பு வழியில் செல்வதும் அவ்வாறே தெளிவாகத் தெரிகிறது. இந்த ஒரு பயனுக்காகவே இதைத் தயங்காமல் வாங்கலாம்.

மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டைக் காட்டும், தனியே கழற்றக்கூடிய பகுதி அந்தத் தரத்தில் இல்லை. மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து வெளிப்படும் ஒரே மண்டை நரம்பான 4ஆம் நரம்பை முன்புறத்தில் ஒட்டியிருப்பது பொறுத்துக்கொள்ள முடியாத பிழை. ஆசிரியர் இதை வகுப்புதோறும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10ஆம் நரம்பான வேகஸ் நரம்பும் இம்மாதிரியில் மண்டை ஓட்டின் அடியிலேயே நின்றுவிடுகிறது. அது கழுத்தின் வழியே இறங்கி இதயத்தையும் நுரையீரலையும் இரைப்பையையும் எட்டுவதைக் காட்ட, தனியாக ஒரு பெரிய சுவர்ப்படத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.