இரட்டையர் ஆட்டத்துக்காகக் கட்டிய சந்தா

டென்னிஸ் ஆட்டங்களை நேரலையாகவும் பழைய பதிவுகளாகவும் காட்டும் கட்டணச் சேவை ஒன்றில் ஓராண்டுக்கு முன் நான் சந்தா கட்டினேன். சானியா மிர்சாவின் இரட்டையர் ஆட்டங்களை, செய்தித்தாளில் படித்த வெறும் ஸ்கோர்களாக இல்லாமல், தொடக்கம் முதல் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

முதல் நாளே தேடுபெட்டி ஏமாற்றியது. அவர் பெயரை இட்டால் முன்னால் வந்து நிற்பவை ஒற்றையர் ஆட்டங்கள்தான். ஒற்றையரில் அவர் எட்டிய உச்சம் 2007இல் கிடைத்த 27ஆவது இடம். இரட்டையரிலோ 2015 ஏப்ரலில் முதலிடத்துக்கு வந்து, மொத்தம் 91 வாரங்கள் அங்கே இருந்தவர். அந்த ஆட்டங்களை இச்சேவை இணையில் ஒருவரின் பெயரில் மட்டுமே அடுக்கி வைத்திருப்பதால், மார்டினா ஹிங்கிஸுடன் ஆடியவை ஹிங்கிஸ் பெயரிலும், தாயான பின் திரும்பி வந்து 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் கோப்பை வென்ற ஆட்டம் நாதியா கிச்செனோக் பெயரிலும் கிடக்கின்றன. துணை மாறும்போதெல்லாம் நாம் தேடும் பெயரும் மாற வேண்டியிருக்கிறது. எனக்கு மிகவும் வேண்டியிருந்தது 2016 சின்சினாட்டி இறுதி ஆட்டம். ஹிங்கிஸுடன் பிரிந்த அதே மாதத்தில், பார்போரா ஸ்ட்ரைகோவாவைச் சேர்த்துக்கொண்டு, எதிரே கோகோ வான்டவேயுடன் நின்ற அதே ஹிங்கிஸை வென்று, அதுவரை இருவரும் பகிர்ந்திருந்த முதலிடத்தைச் சானியா தனதாக்கிக்கொண்ட ஆட்டம் அது. எந்தப் பெயரில் தேடியும் அது அகப்படவில்லை.

இத்தனைக்கும் சந்தாவை நான் உடனே நிறுத்தாததற்குக் காரணம் 2015 விம்பிள்டன் இறுதியின் முழுப் பதிவு. மகரோவா, வெஸ்னினா இணைக்கு எதிராக மூன்றாம் செட்டில் 2–5 எனப் பின்தங்கியிருந்த சானியாவும் ஹிங்கிஸும் 5–5 என எட்டிப் பிடித்தபோது வெளிச்சம் குறைய, ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடினார்கள்; விளக்கொளியில் திரும்பி வந்து 7–5 என முடித்தார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது கேமரா. அது உயரத்தில் அசையாமல் நிற்பதால் நால்வரும் எப்போதும் கண்ணில் படுகிறார்கள். பின்கோட்டிலிருந்து சானியாவின் ஃபோர்ஹேண்ட் புறப்படும்போது, பந்தைத் தொடாத ஹிங்கிஸ் வலையருகே அரை அடி நகர்ந்து எதிராளியின் வழியை அடைப்பது தெரிகிறது. இரட்டையரைப் பார்ப்பதென்றால் என் வரையில் இந்த அரை அடியைப் பார்ப்பதுதான்.

இச்சேவையின் நேரலைகளில் அது கிட்டுவதில்லை. ஒற்றையருக்கு 8.23 மீட்டர் அகலமுள்ள ஆடுகளம் இரட்டையரில் 10.97 மீட்டராக விரிகிறது. ஆனால் மைய அரங்கம் அல்லாத பக்கக் களங்களின் கேமராவோ ஒற்றையர் அளவுக்கே படச் சட்டத்தை வைத்துப் பந்தின் பின்னால் ஓடுகிறது. வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் காட்டும் சைகை, அவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதால், நமக்குத் தெரிவதேயில்லை. விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகள் அல்லாத வழக்கமான சுற்றுப் போட்டிகளில், ஆளுக்கொரு செட் வென்றிருந்தால் மூன்றாம் செட்டுக்குப் பதிலாக ஆடும் பத்துப் புள்ளி டை பிரேக்கை ஸ்கோர் பட்டியலில் 1–0 என்று காட்டி முடித்துவிடுகிறார்கள். நூலிழையில் வென்றார்களா, எளிதாக வென்றார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. படத்தின் தரத்திலும் வேகத்திலும் குறை எதுவும் இல்லை.

ஒற்றையர் மட்டும் பார்ப்பவர்கள் தயங்காமல் சேரலாம். இரட்டையருக்காகச் சேர நினைப்பவர்கள், தாங்கள் விரும்பும் ஆட்டம் பட்டியலில் இருக்கிறதா என்று துணையின் பெயரையும் இட்டுத் தேடிவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. நான் இந்த மாதத்தோடு விலகுகிறேன். கணக்கு முடிய இன்னும் ஒன்பது நாள் இருப்பதால் அந்த விம்பிள்டன் மூன்றாம் செட்டை இன்றிரவும் போட்டிருக்கிறேன்.