மலையகப் பாறையைப் பார்க்க எந்தப் படம்?

பாலைவனத்தில் செய்மதிப் படத்தின் நிறத்தைக் கொண்டே பாறையின் வகையை ஓரளவு சொல்லிவிடலாம். இலங்கையின் மலையகத்தில் அந்த வித்தை பலிக்காது. பாறைக்கு மேல் உக்கிய செம்மண், அதற்கு மேல் தேயிலை, அதற்கும் மேல் முகில். ஆகவே இங்கே நிறத்தைவிட மலையின் வடிவமே அதிகம் பேசும் என்பது என் கட்சி.

எல்லாரும் முதலில் திறக்கும் கூகுள் ஏர்த்தில் லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரைகளை எண்ணலாம், தேயிலை மலைக்குள் போகும் பாதையைத் தொடரலாம். பாறையைப் பற்றி அது சொல்வது குறைவு. ஒரே இடத்தின் பழைய படங்களைப் புரட்டிப் பார்க்க முடிவதுதான் அதன் பெரிய பலம்.

சென்டினல்-2 செய்மதியின் படங்கள் இலவசம். ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும், 10 மீற்றர் வரை பிரித்துக் காட்டும். அகச்சிவப்புப் பட்டையைச் சேர்த்தால், புதிதாகச் சரிந்த சரிவு பச்சைக்கு நடுவே தனித்துத் தெரியும். முகில்தான் தொல்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அட்டன், நுவரெலியாப் பக்கம் மூடிக் கிடந்தாலும் பதுளைப் பக்கம் பெரும்பாலும் வெளித்திருக்கும். மேற்குச் சரிவுகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது இந்தச் செய்மதி ஏவப்படவேயில்லை. அன்று இலவசமாகக் கிடைத்த லான்ட்சாட் செய்மதிக்கு 30 மீற்றர்தான் பார்வை. ஒரு லயன் வரிசை அதில் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும்.

முகிலைத் துளைக்கும் சென்டினல்-1 ராடார், நிலம் சில சென்ரிமீற்றர் நகர்ந்தாலும் அளக்கும் என்பார்கள். உண்மைதான், அணைக்கட்டிலும் கூரையிலும் வெறும் பாறையிலும் அளக்கும். காற்றில் அசையும் இலைகளுக்கு மேல் அதன் 5.6 சென்ரிமீற்றர் அலை குழம்பிவிடும். செங்குத்துச் சரிவுகளும் படத்தில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து விழும். தோட்டச் சரிவுகளில் அது தரும் எண்ணை நான் எளிதில் நம்பமாட்டேன்.

என் வாக்கு, நிலத்தின் உயரத்தை இடத்துக்கு இடம் சொல்லும் உயரத் தரவுக்கு. 2000 பெப்ரவரியில் என்டவர் விண்ணோடம் 11 நாட்களில் ராடாரால் அளந்தது, 30 மீற்றர் இடைவெளியில் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குக் கணினியில் பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்து நிழல் விழும் படமாக்கினால் பச்சை மறைந்து எலும்புக்கூடு தெரியும். எளிதில் உக்காத குவாட்சைட் என்ற கடினப் பாறை நீண்ட முகடுகளாக நிற்கும், கரையும் சலவைக்கல் பள்ளத்தாக்காகத் தாழ்ந்திருக்கும், பாறை வெடிப்பு வழியே ஆறு நேர்கோட்டில் ஓடும். வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு இணையான முகடுகள் ஒளிந்துகொள்ளும். சலவைக்கல்லுக்குள் இருக்கும் குகைகளை இதுவும் காட்டாது. சமனலவெவ நீர்த்தேக்கத்தின் வலக்கரை 1992இல் ஒழுகத் தொடங்கியது அப்படிப்பட்ட பாறை வழியாகத்தான்.

இதற்கு ஈடுகொடுப்பது 1956இல் எடுத்த கறுப்பு வெள்ளை விமானப் படங்கள் மட்டுமே. ஒன்றையொன்று மேவும் இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் மலை எழுந்து நிற்கும், சரிவும் உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும். பழைய மண்சரிவு விட்டுப்போன குதிரைலாடக் குழியையும் அதன் காலடியில் விரிந்த மண் மேட்டையும் பழகிய கண் பிடித்துவிடும். அந்த மேட்டின்மேல் இப்போது லயன் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூகுள் ஏர்த் வேண்டும்.