வீட்டுப் பூனையா, கீழ்த்தளத்துப் பூனையா?

பினாங்கின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு, பிள்ளைகளிடம் பரிவை வளர்க்க இரண்டு வழிகள் எளிதில் கிடைக்கின்றன: ஜெலுத்தோங்கில் உள்ள பிராணிவதைத் தடுப்புச் சங்கக் காப்பகத்திலிருந்து ஒரு பூனையைத் தத்தெடுப்பது, அல்லது கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளைக் கவனித்துக்கொள்வது.

வீட்டுப் பூனை 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும் என்பதால், கழிவு மணலைத் தினமும் மாற்றுவதும், தடுப்பூசி நாளை நினைவில் வைப்பதும், தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது அதை யாரிடம் விடுவது என்று யோசிப்பதும் பிள்ளையின் இயல்பில் ஊறிவிடுகின்றன. பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் உயிரின் அச்சத்தையும் பிள்ளை அருகிலிருந்தே உணர்கிறது. ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளையிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் பராமரிப்புக் கடமையை உரிமையாளர் மீதே சுமத்துகிறது.

கீழ்த்தளத்துப் பூனைகளுக்குச் செலவு குறைவு. எனினும் உணவு வைப்பதோடு நிறுத்தினால் குட்டிகள் பெருகும்; கருத்தடைக்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட பூனையைக் காட்டிப் பிள்ளைக்குக் காரணத்தை விளக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிக்கு அனுமதியில்லாத வாடகை வீட்டாருக்கு இவ்வழியே பொருந்தும். மற்றவர்களுக்கு நான் தத்தெடுப்பையே பரிந்துரைப்பேன்; அதிலும் குட்டியைவிட, குணம் ஏற்கெனவே தெரிந்த வளர்ந்த பூனையை.