1,149 டாலர் போச்சு: கவுன்சிலர் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

இன்று மதியம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கோச்சிங் தளம் ஒன்று பணத்தைத் திருப்பித் தராததால் நான் கொடுத்த புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டார்களாம். படித்த சூட்டோடு எழுதுகிறேன், அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில், கோச்சிங் சேருவதற்கு முன் பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்களையும் சொல்கிறேன்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 1,149 டாலர். லைசென்ஸுக்கு முன் மேற்பார்வையில் வேலை பார்க்கிற அசோசியேட்டின் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அது என்ன பணம் என்பதும் தெரியும்.

நான் இருப்பது கலிபோர்னியா. இங்கே கவுன்சிலருக்கான எல்.பி.சி.சி. லைசென்ஸ் வாங்க, முதுகலை முடித்த பிறகு மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அதில் 1,750 மணி நேரமாவது நேரடியாகக் கிளையண்ட்டோடு உட்கார்ந்த நேரமாக இருக்க வேண்டும். மாநிலச் சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தேர்வு தனி, அதை எப்போதோ முடித்துவிட்டேன். பாக்கி இருந்தது, கேஸ்களைக் கொடுத்து மனநல ஆலோசனைத் திறனைச் சோதிக்கிற தேசியத் தேர்வான என்.சி.எம்.எச்.சி.இ. மட்டும். சில மாநிலங்களில் என்.சி.இ. என்கிற இன்னொரு தேசியத் தேர்வை எழுதினாலே போதும். என் தோழி ஒருத்தி டெக்சாஸில் அதை எழுதித்தான் லைசென்ஸ் வாங்கினாள். இங்கே அது செல்லாது.

மணிக் கணக்கெல்லாம் முடித்து, மாநில லைசென்ஸ் வாரியம் தேர்வு எழுதத் தகுதி உண்டு என்று சொன்ன அன்று இரவே இந்தத் தேர்வுக்குப் பயிற்சி தரும் தளங்களைத் தேட ஆரம்பித்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. கவுன்சிலர் தேர்வுகளுக்கு மட்டும் கோச்சிங் தருகிற ஒரு இணையதளம், அவ்வளவுதான். முகப்பிலேயே 'பாஸ் ஆகாவிட்டால் முழுப் பணமும் திரும்ப' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் மதியம் அழைப்பு வந்தது.

ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசியதுமே அந்தப் பையன் என் பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, நீங்க தமிழா?" என்றான். அந்த ஒரு கேள்வியில் என் பாதிக் காவல் இறங்கிவிட்டது. மூன்று வருடமாக வேலையிடத்தில் தமிழில் ஒரு வார்த்தை பேசியிராதவள் நான்.

நான் புலம்பினேன். படித்து நாளாகிவிட்டது, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரமில்லை, தோற்றுப்போனால் சூப்பர்வைசர் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் சொன்னேன். அவன் குறுக்கே பேசவே இல்லை. நான் முடித்ததும், "தோத்துட்டா அவங்க முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு பயமா இருக்கு, இல்லையாக்கா?" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இதைத்தான் இன்று வரை ஜீரணிக்க முடியவில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதை அவர் உணர்ச்சியோடு சேர்த்துத் திருப்பிச் சொல்வது, பிறகு மௌனமாகக் காத்திருப்பது என்பதெல்லாம் எங்கள் முதல் செமஸ்டர் பாடம். கண்ணாடி வைத்த அறையில் பேராசிரியர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க, நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் பழகிப் பார்த்தது. 3,000 மணி நேரம் நான் பிறருக்குச் செய்ததை ஒரு விற்பனைப் பையன் நான்கு நிமிடத்தில் எனக்குச் செய்தான். எனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. நன்றாகக் கேட்கிறானே என்று மட்டும் தோன்றியது.

பாடத்திட்டம் 899 டாலர். பணத்தைத் திருப்பித் தருகிற 'உறுதி' வேண்டுமென்றால் அதற்கு மேல் 250. முகப்பில் பச்சை எழுத்தில் இருந்ததற்கே தனிக் காசா என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் போட்டதுக்கா, இது உங்களுக்கு எழுத்து மூலமா வர்றது" என்றான். கேட்டவுடன் சரியாகத்தான் பட்டது. கார்டு எண்ணைச் சொன்னேன். 1,149.

ஆறு வாரம் படித்தேன். பிள்ளை தூங்கிய பிறகு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு மாதிரித் தேர்வில், அக்ஸிஸ் நான்கில், அதாவது கிளையண்ட்டின் குடும்ப, சூழல் பிரச்சினைகளைக் குறிக்கும் பகுதியில், என்ன எழுதுவீர்கள் என்று ஒரு கேள்வி. இன்னொன்றில் கிளையண்ட்டின் அன்றாடச் செயல்பாட்டை அளக்கிற ஜி.ஏ.எஃப். மதிப்பெண் கொடுத்திருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். நோயறிதலை ஐந்து பகுதியாக எழுதுகிற அக்ஸிஸ் முறையையும் ஜி.ஏ.எஃப்.-ஐயும், மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டி.எஸ்.எம்.-5 வந்தபோதே தூக்கிவிட்டார்கள். அது 2013. எனக்கும் உறுத்தியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பையனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பழசும் தெரிஞ்சிருக்கணும்னு வச்சிருக்காங்கக்கா" என்று பதில் வந்தது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது, அதுதான் உறுத்தவே இல்லை. தேர்வின் அமைப்பே வேறு! முன்பெல்லாம் என்.சி.எம்.எச்.சி.இ. என்றால் பத்து சிமுலேஷன்கள். ஒரு கேஸைக் கொடுத்து, தகவல் சேகரிக்க என்னவெல்லாம் கேட்பீர்கள் என்று ஒரு நீளப் பட்டியல் வரும். தேவையானதை எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். நல்ல தேர்வுக்கு மூன்று வரை கூட்டுவார்கள், கெட்டதற்கு மூன்று வரை கழிப்பார்கள். 2022 நவம்பரில் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது 11 கேஸ், ஒவ்வொன்றிலும் 9 முதல் 15 கேள்விகள், நான்கு விடை, சரியானது ஒன்று. 11-ல் ஒரு கேஸுக்கு மதிப்பெண் கிடையாது. எது என்று நமக்குத் தெரியாது.

நான் ஆறு வாரம் பழகியது பழைய சிமுலேஷனை. பட்டியலில் பொருத்தமானதையெல்லாம் அள்ளிப் போடுகிற பழக்கம். அதே பழக்கத்தோடு போய் உட்கார்ந்தால், நான்கு விடையில் மூன்று சரி மாதிரியே தெரிகிறது. முதலில் எதைச் செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதா, குடிப்பழக்கத்தைக் கேட்பதா, கிளையண்ட்டோடு உள்ள உறவை வலுப்படுத்துவதா என்று நான் மூன்றுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன். ஏழாவது கேஸ் வரும்போதே பாதிக்கு மேல் நேரம் போய்விட்டது.

புதிய அமைப்பைப் பற்றி எல்லாமே, இந்தத் தேர்வை நடத்துகிற என்.பி.சி.சி. இலவசமாகத் தருகிற கையேட்டில் இருக்கிறது. அந்தக் கோப்பை இறக்கி என் லேப்டாப்பிலேயே வைத்திருந்தேன். திறக்கவில்லை. 1,149 டாலர் கொடுத்தவளுக்கு இலவசக் கோப்பு எதற்கு என்ற எண்ணம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு 'சமீபத்தில் வந்த கேள்விகள்' என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பினார்கள். புரட்டினேன். தேர்வு மையத்தில் பையைப் பூட்டி, சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்லி, உள்ளே உட்கார்ந்ததும் திரையில் முதலில் வந்தது ரகசியக் காப்பு ஒப்பந்தம். கேள்விகளை யாரிடமும் சொல்ல மாட்டேன், பிறரிடமிருந்து வாங்கவும் இல்லை என்கிற மாதிரி. ஒப்புக்கொண்டால்தான் தேர்வு திறக்கும். மவுஸில் கை வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்தக் கேள்விகள் நிஜமாக இருந்தால் என் லைசென்ஸே போகும், பொய்யாக இருந்தால் பணம் போகும். நல்லவேளை, பொய்தான். ஒன்றுகூட வரவில்லை.

நான்கு மதிப்பெண்ணில் தோற்றேன்.

அப்புறம்தான் கூத்து. அன்று மாலையே தளத்தின் சாட்டில் எழுதினேன். இதய ஸ்மைலியோடு ஒரு இயந்திரம், 'உங்கள் உணர்வுகளை நாங்கள் மதிக்கிறோம்' என்றது. மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது: விஷயத்தை உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். ஒன்பதாம் நாள், அதே வரி, வேறு பெயரின் கையொப்பத்தோடு. பையனுக்கு வாட்ஸ்அப் செய்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மறுபடி செய்தேன். "அக்கா நான் சேல்ஸ் மட்டும்தான், ரீஃபண்ட் வேற டீம்" என்றான். அந்த டீமின் நம்பர் கேட்டேன். "அவங்களுக்கு நம்பர் கிடையாதுக்கா."

பதினெட்டாம் நாள் உரிய குழு வாய் திறந்தது. பணம் திரும்ப வேண்டுமென்றால் பாடத்திட்டத்தை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டுமாம். என் கணக்கில் 97 காட்டுகிறது. எந்த 3 சதவீதம் என்று தேடினால், குழு ஆலோசனை பற்றிய ஒரு வீடியோ. அது திறக்கவே திறக்காது, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு முறை புகார் செய்திருக்கிறேன், டிக்கெட் எண்கூட இருக்கிறது. அதைச் சொன்னேன். 'தொழில்நுட்பக் கோளாறுகள் உறுதித் திட்டத்தின் வரம்புக்குள் வராது' என்று பதில். 250 டாலர் கொடுத்து வாங்கிய உறுதி.

சரி என்று கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். பழைய தேர்வுக்கான பொருளைப் புதியது என்று விற்றார்கள் என்று ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எழுதினேன். இன்று வந்த கடிதத்தில், தளம் கொடுத்த பதிலையும் இணைத்திருக்கிறார்கள். நான் 61 மணி நேரம் உள்நுழைந்திருந்தேனாம், தேதிவாரியாகப் பட்டியல். வாடிக்கையாளர் சேவையை முழுமையாகப் பயன்படுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடம், நீங்கள் முடிக்கவில்லை. வங்கியிடம், அவர் முழுதாகப் பயன்படுத்திவிட்டார். நான் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்த ஒவ்வொரு இரவும் அந்தப் பட்டியலில் எனக்கு எதிரான சாட்சியாக வரிசையாக நிற்கிறது.

மறுபடி எழுத வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். அது இந்த 1,149-இல் சேராது.

ஐந்து விஷயம் என்றேன், இதோ: காசு கட்டும் முன் என்.பி.சி.சி. கையேட்டைத் திறந்து, தளம் விற்கிற மாதிரித் தேர்வும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். சிமுலேஷன், அக்ஸிஸ் என்று கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். 'வந்த கேள்விகள்' என்று யார் தந்தாலும் தொடாதீர்கள். உறுதித் திட்டத்தின் நிபந்தனைகளைக் கட்டிய பிறகுதான் காட்டுவோம் என்றால் கட்டாதீர்கள். திறக்காத வீடியோ இருந்தால் அன்றே படம் பிடித்து வையுங்கள்.

இந்த மாதிரி தளத்திடமிருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். மாநில நுகர்வோர் புகார்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நஷ்டமான தொகை என்ற கட்டத்தில் 1,149 போட்டாகிவிட்டது, நடந்ததை 500 எழுத்துக்குள் சொல்லச் சொல்கிறார்கள்.