புலிமீன் செட்: கம்பும் ரீலும் பரவாயில்லை, கடைசி ஒரு அடி சரியில்லை

தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கென்று மலாவி, உகண்டா, ருவாண்டா பக்கம் போகிறவர்கள் மலையகத்தில் எப்போதும் உண்டு. அவர்களில் தூண்டில் பைத்தியம் பிடித்தவர்களைக் குறிவைத்து, ஆபிரிக்க ஆறுகளின் கூர்ப்பல் வேட்டை மீனான புலிமீனைப் பிடிக்கவென்று, கண்டியில் ஒரு தூண்டில் சாமான் கடை ‘ஆபிரிக்கா செட்’ என்று ஒன்றை விற்கிறது. உறையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. சாமானை ஒன்றுசேர்த்துப் பொதி செய்வது கடைக்காரர்தான். நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய ஏழு அடிக் கம்பு, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், அதில் சுற்றிய, 30 இறாத்தல் இழுப்பைத் தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நூல், நூல் நுனிக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்ட பிளாஸ்டிக் பூசிய கம்பித் துண்டுகள் ஆறு, ஸ்பூன் எனப்படும் உலோகத் தகட்டுப் போலி இரை இரண்டு, மீன் வடிவ பிளாஸ்டிக் லூர் (போலி இரை) மூன்று. நல்ல ரீல் ஒன்றின் விலைக்கு இவ்வளவும் கிடைக்கிறது என்றால் எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பிடித்த இடம்தான் தப்பு: மீனின் வாய்க்குள் போகிற பகுதி.

மலாவியில் தேயிலை இருப்பது தியோலோவிலும் முலாஞ்சேயிலும். தியோலோ மலைச்சரிவு இறங்கி முடிகிற இடத்தில் ஷிரே ஆறு. மலாவி ஏரியிலிருந்து புறப்பட்டு, மொசாம்பிக்கில் சம்பேசியோடு சேரும் ஆறு அது. சம்பேசியின் புலிமீன் ஷிரேயில் ஏறி வந்தாலும் கப்பிச்சிரா நீர்வீழ்ச்சியைத் தாண்டாது. அதனால் மீன் இருப்பது அதற்குக் கீழே, சிக்வாவா பக்கத்தில். ஏரியில் போய்த் தேடி நாளை வீணாக்க வேண்டாம். 2001இல் சம்பேசியின் கரிபா ஏரியில் பிடிபட்ட 16.1 கிலோ மீன்தான் இந்த இனத்துக்கு உலக சாதனை. இரண்டு மூன்று கிலோ மீன் மாட்டினாலே கை வலிக்கும்.

மேலும் கீழும் பல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், கத்தரிக்கோல் மாதிரி. தங்கூசி (நைலோன் ஒற்றை இழை நூல்), பிரெய்ட் எதுவும் அதன் முன்னால் நிற்காது. வாயின் உள்பக்கம் பெரும்பாலும் எலும்பு என்பதால் முள் இறங்க இடமும் குறைவு. மாட்டியவுடனே தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறும். கைதேர்ந்தவர்களுக்கே மாட்டுவதில் பாதிக்கு மேல் கழன்று போகும். செட்டை எடைபோட வேண்டியது இதை வைத்துத்தான்.

கம்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. 20 முதல் 60 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கிறது. 25, 30 கிராமில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது, 60 போட்டால் நுனி தொங்குகிறது. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர், சூட்கேசுக்குள் அடங்கும். நான்கு துண்டுக் கம்புகளுக்கே உள்ள வியாதி இதற்கும் உண்டு: வீச வீசப் பொருத்து தளரும். தளர்ந்த பொருத்தோடு பலமாக வீசினால் கம்பு உடைவது அந்த இடத்தில்தான். பொருத்தின் ஆண் பக்கத்தில் மெழுகுதிரியை லேசாகத் தேய்த்து, கால் சுற்று முறுக்கிப் பூட்டுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையால் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பில் நூல் ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்குகிற வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, அது பிரெய்ட்டை அறுத்துவிடும். அப்படி ஒன்று இருந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.

ரீலில் இரண்டு விஷயம். பிரெய்ட்டை வெறும் ஸ்பூலில் நேரே கட்டிச் சுற்றித் தருகிறார்கள். வழவழப்பான நூல் ஆகையால், பெரிய இழுப்பு வந்தால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை இறுக்கிப் பிடித்து விடும் ரீல் பிரேக்கை) எவ்வளவு இறுக்கினாலும் நூல் போய்க்கொண்டே இருக்கும். ரீல் பழுது என்று நினைத்துக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்காருவோம். நூல் முழுவதையும் எடுத்துவிட்டு, அடியில் பத்துப் பதினைந்து சுற்று தங்கூசி சுற்றி, அதோடு பிரெய்ட்டை முடிந்து, ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் வீசும்போது நூல் கொத்தாகக் கழன்று சிக்கும்.

அடுத்தது டிராக். 30 இறாத்தல் என்றால் 13.6 கிலோ. அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைத்து, 3 கிலோவில் வைத்தால் போதும். கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று கிடைத்தால் நூல் நுனியை அதில் கட்டி, கம்பை வளைத்துப் பிடித்து இழுங்கள். நூல் ஓடத் தொடங்கும் நேரம் தராசு எவ்வளவு காட்டுகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த ரீல் முதலில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு திடீரென்று விடுகிறது. புலிமீனின் முதல் ஓட்டத்தில் முள் கழலுவதற்கு அந்த ஒரு நொடி ஒட்டலே போதும். டிராக்கின் உள்ளே இருக்கும் கம்பளித் தட்டு காய்ந்திருப்பதுதான் காரணம். டிராக் கிறீசை மிக மெல்லியதாகப் பூசினால் சரியாகிறது. வேலை முடிந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே விட்டால் தட்டு நசுங்கிவிடும்.

இனிக் கம்பி. செட்டில் வருவது 15 சென்ரிமீற்றர் துண்டு, ஏழு இழை, மேலே பிளாஸ்டிக் பூச்சு. இரண்டுமே ஒத்துவராது. புலிமீன் லூரை முழுதாக விழுங்கிவிட்டுத் தலையை உதறும்போது கம்பிக்கு மேலே உள்ள நூல் பல்லில் படும். 25, 30 சென்ரிமீற்றராவது வேண்டும், அதற்கு மேல் போனால் வீச்சு கெடும். பூச்சு ஒரே கடியில் கிழிந்து, உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. ஏழு இழையில் இரண்டு மூன்று அறுந்தாலும் மீதி பிடித்துக்கொண்டிருப்பதால் அடுத்த மீனில்தான் தெரியவரும்.

எங்கள் பரிந்துரை 0.35 முதல் 0.4 மில்லிமீற்றர் ஒற்றை இழை எவர்சில்வர் கம்பி. அதே கடையில் சுருளாக இருக்கிறது. முடிச்சுப் போட முடியாது, முறுக்க வேண்டும். கம்பியை முள்ளின் கண்ணில் விட்டு, சின்ன வளையம் வருமாறு இரண்டு முனையையும் குறுக்காகப் பிடியுங்கள். வளையத்தை விரலில் இறுக்கிக்கொண்டு, இரண்டு முனையையும் அகலமான கோணத்தில் வைத்து, ஒன்றோடொன்று சமமாக நான்கைந்து முறுக்கு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒரு கம்பி நேராக நிற்க மற்றது மட்டும் அதைச் சுற்றினால், பார்வைக்கு ஒன்றுதான், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். பிறகு குட்டை முனையைச் செங்கோணமாக மடித்து, நெருக்கமாக ஐந்தாறு சுற்று. மிச்சத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் நிற்கும் கூர், மீனைக் கையாளும்போது விரலைக் கிழிக்கும். முனையைக் கைபிடி மாதிரி மடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றின் ஓரத்திலேயே சுத்தமாக ஒடியும். மறுமுனையில் இதே முறுக்கில் சுவிவெல் (சுழலும் இணைப்பு) ஒன்று. ஒரு மீனுக்குப் பிறகு கம்பியில் மடிப்பு விழுந்திருந்தால் நிமிர்த்திப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஒற்றை இழை அறுவது மடிப்பில்தான். பத்துப் பன்னிரண்டு துண்டாவது முறுக்கி வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

பிரெய்ட்டுக்கும் சுவிவெலுக்கும் நடுவில் 40 இறாத்தல் தங்கூசி இரண்டு அடி போடுவது நல்லது. பிரெய்ட் கல்லில் உரசினால் உடனே அறும்.

முள் விஷயம் இன்னும் மோசம். லூர்களில் வருகிற மூன்று முனை முள்ளை இடுக்கியால் பிடித்துத் தராசில் இழுத்தால் விரிந்துகொடுக்கிறது. அதைத் தாங்கும் வளையமும் அப்படியே. தடித்த முள்ளாக மாற்றுங்கள், வளையத்தையும் சேர்த்து. ஸ்பூனுக்கு 3/0 ஒற்றை முள் இன்னும் நல்லது: மீன் உதறும்போது நெம்பிக் கழலும் வாய்ப்புக் குறைவு, கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் திரும்ப விடுவதும் சுலபம். மீன் துண்டை இரையாகப் போடுகிறவர்கள் 4/0 வட்ட முள் பாவிக்கலாம். அதில் மட்டும் வெட்டி இழுக்கக் கூடாது. நூல் இறுகும்வரை நிதானமாக ரீலைச் சுற்றினால் முள் வாயோரத்தில் தானாக மாட்டும்.

பிளாஸ்டிக் லூர் உள்ளே வெற்றிடம். பல் துளைத்தால் தண்ணீர் புகுந்து அமிழும். செப்பு நிற ஸ்பூன்தான் உருப்படியானது.

காசல்ரீயிலோ கொத்மலையிலோ விராலுக்கு வீசிப் பார்த்துவிட்டு, செட் நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீச்சையும் டிராக்கையும் அங்கே பழகலாம், கம்பியைச் சோதிக்க முடியாது. விராலின் பல் வேறு ரகம். இங்கே தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்று வீசுகிற பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். ஷிரேயில் முதலையும் நீர்யானையும் உண்டு. அங்கே படகும் உள்ளூர் ஆளும் இல்லாமல் வேலை இல்லை. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மழைக் கலங்கல். புலிமீன் கண்ணால் வேட்டையாடும் மீன், கலங்கலில் வீசிப் புண்ணியமில்லை. செப்டெம்பர், ஒக்டோபர் வெயிலில் போங்கள்.

உகண்டாவுக்குப் போகிறவர்கள் இந்தச் செட்டை வாங்க வேண்டாம். மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சிக்குக் கீழே முக்கியமாகத் தேடுவது நைல் பேர்ச் என்ற பெரிய மீன். 2000இல் எகிப்தின் நாசர் ஏரியில் 104.32 கிலோ ஒன்று பிடிபட்டது. அதன் வாயில் வெட்டும் பல் இல்லை, அரம் போன்ற சொரசொரப்புத்தான். கம்பிக்குப் பதில் 80, 100 இறாத்தல் தடித்த தங்கூசியும், இதைவிடப் பெரிய ரீலும் 60 இறாத்தல் பிரெய்ட்டும் வேண்டும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழை மாதங்களில் கம்பைக் குழாய்க்குள் மூடி வைத்தால் தக்கைப் பிடியில் பூஞ்சணம் பிடிக்கும். மூடியைத் திறந்தே வையுங்கள். விமானத்தில் முள், இடுக்கி எல்லாம் செக்-இன் பெட்டியில். கடைக்காரர் கடல் தூண்டில் தெரிந்தவர், கேட்டால் விளக்கம் சொல்கிறார். உறையைப் பிரிக்கும் முன்பே கேட்டால், ஆறு கம்பித் துண்டையும் பிளாஸ்டிக் லூர்களையும் கழித்துக்கொண்டு கம்பிச் சுருளும் தடித்த முள்ளும் தருகிறார், பிரித்த பிறகு மாற்றுவதில்லை.